ஒரு நாள் உழைப்புக்கு எத்தனை லிட்டர்

அன்பு மகளுக்கு,

போன வாரம் தொலைபேசியில் மாப்பிள்ளை, "மாமா, இங்க பெட்ரோல் தண்ணி விலை. அந்த ஓட்டை வண்டிய வித்துட்டு எங்களோடயே வந்துடுங்க" என்றார். நீயும் பின்னால் நின்று சிரித்தாய். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான் நான். ஆனால் என் டாக்ஸியில் ஏறும் ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரிடமும் இரண்டு கேள்வி கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் பெட்ரோல் லிட்டர் என்ன விலை? டிரைவருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு? தமிழ் தெரிந்த ஒருவர், "எதுக்குப் பெரியவரே, பங்க் வைக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தார். "பொண்ணு வெளிநாட்டுல இருக்கா, தெரிஞ்சு வெச்சுக்கணும்" என்றேன்.

விலையை மட்டும் ஒப்பிடுவது அரைக் கணக்கு என்று மாப்பிள்ளையிடம் சொல். பத்தொன்பது நாடுகளின் கூலியை விலையால் வகுத்துப் பார்த்துவிட்டேன். உங்கள் நாட்டில் ஒரு நாள் உழைத்தால் நூறு லிட்டர் வாங்கலாம். இங்கே எட்டு. பட்டியலில் நாம்தான் கடைசி. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

அந்த எட்டு லிட்டரில்தான் உன்னைப் பொறியாளர் ஆக்கினேன். நூறு லிட்டர் வாங்குகிற எந்த அப்பனாவது என் எதிரே வந்து பேசட்டும், பார்க்கலாம்.

வண்டி விற்பனைக்கு இல்லை. நானும் வருவதாக இல்லை. நீ வந்து நான்கு வருடமாகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த விமானம் என்று மட்டும் எழுது. விமான நிலைய வாசலில் வண்டியோடு நிற்பேன்.

மீட்டர் போட மாட்டேன்.

இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும்
உன் அப்பா