தாய்ச்செடிகளை விற்ற விவரம்

என் வீட்டுக்காரிக்கு, உன் நலம் கேட்டு எழுதுவது.

மேற்குச் சுவரோரம் நீ வைத்திருந்த நீல டெய்சித் தாய்ச்செடிகள் பன்னிரண்டையும் விற்றுவிட்டேன். யாரும் திருடவில்லை, எலி கடிக்கவில்லை. நானேதான் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

மொட்டு வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், பூக்க விட்டால் நடுவதற்குக் குச்சி கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனாய். முதல் மாதம் கிள்ளினேன். அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போய் இரண்டு வாரத்தில் வருவதாகச் சொன்னவள் நீ, இப்போது ஐந்து மாதம் ஆகிறது. எனக்கோ குனிந்தால் நிமிர முடியவில்லை. அதோடு, வருகிற பூவைக் கிள்ளி எறிய வியாபாரியின் கை கூசுகிறது. விட்டுவிட்டேன். பன்னிரண்டு தொட்டியும் ஒரே நீலமாக நின்றன. ஆஸ்பத்திரித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா நம் கடைக்குச் செடி வாங்க வந்தார். வேறு எதையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாய்ச்செடியை விற்பவன் விதைநெல்லைக் குத்தித் தின்பவன் என்று நீ சொல்வாய். அன்றைக்கு அது என் காதில் விழவில்லை.

உன் அக்காவுக்கு முழங்கால் நன்றாக ஆறிவிட்டது, கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிறாள் என்று சகலை சொன்னார். சந்தோஷம். அதற்கு மேல் அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தோட்டக்கார அம்மா மறுபடி கடை வாசலில் வந்து நின்றார். பாத்தியில் நட்ட செடிகள் அடித்தண்டு கறுத்து அழுகுகின்றன, மேகம் போட்டால் பூவெல்லாம் மூடிக்கொள்கின்றன, இது என்ன நோய் என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். “நீங்கதானே வளர்த்தேன்னு சொன்னீங்க? பெத்தவருக்குப் பிள்ளை எப்பத் தூங்கும்னு தெரியாதா?” என்றார். கடையில் நாலு பேர் நின்று சிரித்தார்கள்.

அப்போதுதான் சொன்னேன், வளர்த்தது நான் இல்லை, என் வீட்டுக்காரி என்று. ஏழு வருஷமாகக் கேட்டவர்களிடமெல்லாம் நான் வளர்த்தது என்றே சொல்லி வந்திருக்கிறேன். பல தடவை நீ பக்கத்தில் உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருந்தாய். சல்லடைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுபோகும். அது எனக்குக் கேட்காமல் இல்லை.

மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். கட்டடத்தின் முன்னால் வெயில் விழும் நீளமான பாத்தி. இடம் நல்ல இடம்தான், ஆனால் களிமண். தினமும் குழாயைத் திறந்து விட்டிருக்கிறார்கள். மூன்று செடி போயே போய்விட்டது. மிச்சத்தைப் பெயர்த்து, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்து, மண்ணை மேடாக்கி நட்டேன். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். அன்று சட்டையைக் கழற்றக்கூடக் கை தூக்க முடியவில்லை. மேற்குச் சுவரோரம் தொட்டிகள் இருந்த இடத்தில் பன்னிரண்டு வட்டக்கறைகள். தேய்த்துக் கழுவ மனம் வரவில்லை.

அந்தக் கரும் நீலம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை. அந்த ஒன்பதும் போனால் உன் ஏழு வருஷம் போச்சு. அந்த அம்மாவிடம் கேட்டு ஒரு பிடி குச்சி வெட்டி வந்து, நட்டு, பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்தேன். எல்லாம் கொழகொழவென்று அழுகிவிட்டன. நான் வெட்டியது பூ வைத்த குச்சி என்பது பிறகுதான் உறைத்தது. இன்னும் கொஞ்சம் கேட்கப் போனபோது, “ஐயா, உங்க கத்தியைப் பையில போடுங்க. வளர்த்த கை வரட்டும்” என்று சொல்லிவிட்டார்.

நான் இதுவரை யாரிடமும் பேரத்தில் தோற்றதில்லை என்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை எனக்குத் தெம்பில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும். அதைத் தனியாக எழுதி எனக்குப் பழக்கமில்லை.

அவரோடு பேசி முடித்தது இது: ஒன்பது செடியையும் ஒரு மாதத்துக்கு அவர் வெட்டமாட்டார், வேறு யாரையும் வெட்ட விடமாட்டார். வாரம் இரண்டு நாள் நான் போய் மொட்டும் வாடிய பூவும் கிள்ளிவிட்டு வர வேண்டும். மாதக் கடைசியில் நீ வந்து அவருக்குச் செடியை வெட்டிவிடும் முறையைக் காட்டினால், பூ வைக்காத நுனிக்குச்சி நாற்பது உனக்கு. காசு கிடையாது. நீ வராவிட்டால் குச்சியும் கிடையாது. இந்தக் கடைசி நிபந்தனை நான் சொல்லிக்கொடுத்து அவர் சொன்னதல்ல. ஆனால் அதைக் குறைத்துக் கேட்கவும் இல்லை நான்.

உன் வீட்டுக்காரன்.