சாமியிடம் வைத்த நோட்டு

3-8-1970, திங்கள்

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதில் தலைவலி. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததுதான், புஷ்பவள்ளி ஸ்பெல்லிங் நோட்டை என் மடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிப் பக்கம் ஓடிவிட்டாள். பிரித்தேன். இந்த வாரமும் இருபது இங்கிலீஷ் வார்த்தை. நெய்பர். நாலெட்ஜ். சிசர்ஸ். லெப்டினன்ட்.

லெப்டினன்ட்டாம்! ரெண்டாங்கிளாஸ் பிள்ளை. முன்பல் ரெண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. இது என்ன பட்டாளத்துக்கா போகப்போகுது? நான் நாலாம் பாரம் வரை படித்தவள். அந்த வார்த்தையை நானே மூன்று தடவை எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை கொடுப்பார்கள், வெள்ளிக்கிழமை டிக்டேஷன். தப்பான ஒவ்வொரு வார்த்தையையும் இருபத்தைந்து தடவை எழுத வேண்டும்.

7-8-1970, வெள்ளி

காலையில் வாந்தி. போன வெள்ளியும் இப்படித்தான். சனி, ஞாயிறில் ஒன்றும் இல்லை. வயிற்றுக்குக் கிழமை தெரியுமா?

இருபதுக்கு நாலு.

9-8-1970, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. இன்று பிள்ளையை அடித்துவிட்டேன்.

பதினாறு வார்த்தை, இருபத்தைந்து தடவை. நானூறு. நேற்றுக் காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தது. மத்தியானம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு "கை வலிக்குதும்மா" என்றது. நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன். அந்தக் காம்பாலேயே முழங்கையில் ஒன்று போட்டேன். அழவில்லை. பென்சிலை எடுத்து மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டது. அழுதிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

அடியே வீரலட்சுமி, உனக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு? யாரோ ஒருத்தன் கொடுத்த வார்த்தைக்குப் பெத்த பிள்ளையை அடிப்பியா நீ?

14-8-1970, வெள்ளி

ஆறு.

23-8-1970, ஞாயிறு

அவுக புதுவயல் ரைஸ் மில்லில் லாரி அனுப்புகிற வேலை பார்க்கிறவுக. ஞாயிறு மட்டும்தான் வீட்டில். "எல்லாப் பிள்ளையும் எழுதுதுல்ல? உன் மக மட்டும் என்ன ஒசத்தியா?" என்று ஆரம்பித்தாக. ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன்.

எட்டு! எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின மனுஷன்!

தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மில்லுக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு கடுதாசி வந்தா, படிக்க ஆள் தேடி ஓட வேண்டியிருக்கு லட்சுமி. அவளுக்கு அந்த நெலமை வரக் கூடாது" என்றாக. அதைச் சொன்னபோது முகம் பாவமாக இருந்தது. அதனால் சும்மா விட்டேன். சேவுகன் என்று பேர் வைத்த மனுஷன் என்னிடம் தோற்றதை வெளியில் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். டைரியில் எழுதலாம், தப்பில்லை.

4-9-1970, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கே போனேன். கரஸ்பாண்டெண்ட் ஐயா மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். ரெண்டாங்கிளாஸ் மீனம்மாள் டீச்சர் சுவர் ஓரம் நின்றது. கல்லலிலிருந்து ரயிலில் வந்துபோகிற சின்னப் பொண்ணு, இதுதான் முதல் வேலை.

"ஐயா, பிள்ளைகளுக்கு வார்த்தை ரொம்பக் கடினமா இருக்கு. கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க" என்றேன்.

"மெட்ராஸ்ல இதே வயசுப் பிள்ளைக இதைத்தான் எழுதுதுக. நம்ம ஸ்கூலை மெட்ராஸ் தரத்துக்குக் கொண்டாரணும்னு நான் பாடுபடுறேன். ஒங்க பிள்ளைக்கு மண்டை கொஞ்சம் மந்தமா இருந்தா அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

மந்தம். பிள்ளை கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. டீச்சர் தலையைத் தூக்கவே இல்லை. நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். தெருவுக்கு வந்த பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. என்ன பிரயோஜனம்?

7-9-1970, திங்கள்

நான் போய் வந்ததற்குப் பரிசு. புதுச் சட்டம். தொடர்ந்து மூன்று டிக்டேஷனில் பத்துக்குக் கீழே வாங்கினால் ஒன்றாங்கிளாஸில் உட்கார வேண்டும்.

11-9-1970, வெள்ளி

ஏழு. வாந்தி.

18-9-1970, வெள்ளி

ஏழு. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. நாளையிலிருந்து காலாண்டு லீவு என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். பிள்ளை என்னைவிடப் பெரிசாக விட்டது.

5-10-1970, திங்கள்

லீவு முடிந்தது. இந்த வெள்ளி சரஸ்வதி பூஜை, அதனால் டிக்டேஷன் அடுத்த திங்கள். விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்து நாற்பது வார்த்தை! நாற்பது! இவுக வீட்டில் பிள்ளைகளே கிடையாதா?

9-10-1970, வெள்ளி, சரஸ்வதி பூஜை

புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்தோம். பொரிகடலை, சுண்டல். அவுக மில்லு பூஜையை முடித்துவிட்டு வாழைக்கன்றோடு வந்தாக. புஷ்பவள்ளிக்கு இன்று படிக்கக் கூடாது என்றதில் அப்படி ஒரு சந்தோஷம். ஸ்பெல்லிங் நோட்டை மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் சொருகினாள். ரொம்ப நேரம் கும்பிட்டாள். பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, சாமிகிட்ட வச்ச நோட்டை எடுக்காமலே விட்டா என்னம்மா ஆகும்?"

இதைத்தான் சாமியிடமும் கேட்டிருக்கிறது இவ்வளவு நேரமும். ஏழு வயசில் சாமியிடம் கேட்கிற வரமா இது? மிட்டாய் கேட்கணும், பொம்மை கேட்கணும்.

10-10-1970, சனி, விஜயதசமி

காலையில் எல்லாப் புத்தகத்தையும் எடுத்தோம். அந்த நோட்டை நான் எடுக்கவில்லை.

"விஜயதசமியும் அதுவுமா எடுத்துப் படிக்காம விட்டா சாமி குத்தம்" என்று அவுக கத்தினாக. "பிள்ளையை அழவைக்கிறதுதான் குத்தம்" என்றேன். நோட்டு அங்கேயே இருக்கிறது. புஷ்பவள்ளி ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள்.

12-10-1970, திங்கள்

நானே கூட்டிக்கொண்டு போனேன்.

"நோட்டு எங்கம்மா?" என்றார் கரஸ்பாண்டெண்ட்.

"சாமிகிட்ட இருக்கு."

"எடுத்துட்டு வாறதுதான?"

"நான் எடுக்க மாட்டேன். நீங்க வீட்டுக்கு வாங்க, வந்து எடுங்க. எடுத்து அந்த நாப்பதையும் நீங்களே எழுதிக் காட்டுங்க."

முகம் சிவந்துவிட்டது. மணியை அடித்து ஆயாவைக் கூப்பிட்டார். என் கண் முன்னாலேயே பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒன்றாங்கிளாஸ் மணைப்பலகையில் உட்கார்த்தினார்கள். இருக்கிறதிலேயே உயரமான பிள்ளை. முழங்காலை மடக்கி, குனிந்து, உயரத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

வாய்க்கொழுப்பு எனக்கு. தண்டனை அதுக்கு. இப்ப என்னடி செய்வே?

14-10-1970, புதன்

சாயங்காலம் மீனம்மாள் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டது. ரயிலுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. காப்பியைக்கூடத் தொடவில்லை.

"அக்கா, அந்த வார்த்தையெல்லாம் நான் எடுக்கிறதில்லை. கரஸ்பாண்டெண்ட் ஒரு புத்தகத்துலேருந்து குறிச்சு அனுப்புவாக. மெட்ராஸ்லேருந்து அவுக தம்பி அனுப்புன புத்தகம். அது அஞ்சாங்கிளாஸ் புத்தகம்க்கா. அட்டையை நானே பாத்தேன்."

அஞ்சாங்கிளாஸ்!

"ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். வேலை வேணுமா வேணாமான்னு கேட்டாக. எங்க வீட்ல நான் ஒருத்திதான் சம்பாத்தியம். என் பேரு மட்டும் வெளிய வந்துறக் கூடாதுக்கா."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அது போன பிறகுதான் புரிந்தது. என் கையில் கத்தி இருக்கிறது, ஓங்க முடியாது. ஓங்கினால் அந்தப் பொண்ணு கழுத்தில்தான் விழும். மந்தமாம்! எங்கள் பிள்ளை மந்தமாம்! மூன்று வருஷம் கழித்துப் படிக்க வேண்டியதை இப்போதே கொடுத்துவிட்டு மந்தமாம்!

15-10-1970, வியாழன்

ஒரு யோசனை. குழாயடியில் ரெண்டாங்கிளாஸ் அம்மாக்களிடம் பேசிவிட்டு வந்தேன். டீச்சர் பேச்சையும் எடுக்கவில்லை, அஞ்சாங்கிளாஸ் என்றும் சொல்லவில்லை.

16-10-1970, வெள்ளி

ஏழு பேர் போனோம். நான் ரொம்பப் பவ்யமாகத்தான் பேசினேன்.

"அன்னிக்கு அவசரப்பட்டுப் பேசிட்டேன் ஐயா. நீங்க சொன்ன மெட்ராஸ் தரம் எங்க பிள்ளைகளுக்கும் வேணும். அந்த வார்த்தையெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்குன்னு காட்டுனீகன்னா, ஆளுக்கு ஒண்ணு வாங்கி வீட்ல சொல்லிக் குடுப்போம்."

மனுஷருக்கு வாயெல்லாம் பல். "இப்படில்ல இருக்கணும் தாய்மாருக!" என்று பீரோவைத் திறந்து, அவரே எடுத்து, மேஜை மேல் வைத்தார். வழவழ அட்டை. இங்கிலீஷ் எழுத்து. அதற்குக் கீழே பெரிசாக 5.

ஏழு பேரில் நாலு பேருக்கு எந்த எழுத்தும் தெரியாது. 5 எல்லாருக்கும் தெரியும். மில்லில் நெல் காயப்போடுகிற சோலையம்மாள்தான் முதலில் விரலை வைத்தாள்.

"இது அஞ்சுல்ல? எம் பிள்ளை ரெண்டாங்கிளாஸ்ல படிக்கான்."

"அது... அஞ்சாவது பதிப்பு" என்றார்.

"நான் தெனம் நம்பரைப் பாத்துத்தான் பஸ் ஏறுறேன். அஞ்சாம் நம்பர்ல ஏறிட்டு ரெண்டாம் நம்பர் போற ஊருக்குப் போயிர முடியுமா?"

ஒருத்தி சிரித்தாள். எல்லாரும் சிரித்தோம். நான் சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்த பாடத்தைப் பிரித்தேன். லெப்டினன்ட் அங்கே இருந்தது. பென்சிலில் கோடு போட்டிருந்தது. அவர் கைக்கோடு. "இதைத்தான் எம் பிள்ளை இருபத்தஞ்சு தடவை எழுதுச்சு. இதுக்குத்தான் அதை மந்தம்னீக" என்றேன். அவர் புத்தகத்தை மூடி, பீரோவில் வைத்து, பூட்டினார். பிறகும் எங்களைப் பார்க்கவில்லை.

தெரிந்தே செய்தாரா, அட்டையையே பார்க்கவில்லையா? எது உண்மையானாலும் கோபம் எனக்கு ஒன்றுதான்.

19-10-1970, திங்கள்

இந்த வாரம் எட்டு வார்த்தை. கேட், மில்க், ரெயின். புஷ்பவள்ளி ரெண்டாங்கிளாஸில் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். மீனம்மாள் டீச்சர் பேர் எங்கேயும் வரவில்லை. யாராவது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, வருத்தம் என்று சொன்னார்களா? ம்ஹூம்.

23-10-1970, வெள்ளி

வாந்தி இல்லை. ஆறு, எட்டுக்கு. ஆனால் புது நோட்டில்தான் எழுதுகிறாள். பழைய நோட்டு இன்னும் சாமியிடமே இருக்கட்டும் என்கிறாள்.

28-9-1971, செவ்வாய், சரஸ்வதி பூஜை

மூன்றாங்கிளாஸ். வாரம் பத்து வார்த்தை. முன்பல் வந்துவிட்டது.

இன்று புத்தகம் அடுக்கும்போது போன வருஷத்து நோட்டு கையில் வந்தது. சந்தனம் காய்ந்து அட்டையில் ஒட்டியிருந்தது. பின்னால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். புஷ்பவள்ளி அதைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். கும்பிட்டது என்னவோ ஒரு நிமிஷம்தான்.

காலையிலிருந்து நாலு தடவை அடுப்படிக்கு வந்துவிட்டாள். "எப்பம்மா எடுக்கலாம்?" சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன், அதே கரண்டிதான் கையில். "நாளைக்குத்தான்டி. இன்னைக்குப் படிக்கக் கூடாது" என்று அதட்டி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனாள்.