கண் திறக்கும் உளி

3 மே 2025

இன்று வந்தவர்களில் ஒருவர் என்னிடமே கேட்டார், "சிற்பி விஜயராஜோட மனைவி இன்னும் உயிரோட இருக்காங்களா?" இருக்காங்க, டிக்கெட் கிழிக்கிறாங்க என்றேன். பாவம், முகம் சுருங்கிப்போனது.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வீட்டையும் பட்டறையையும் அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை அருங்காட்சியகமாக்கி, என்னையே பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறது. என் அடுப்படியில் இப்போது அவருடைய புகைப்படங்கள். சமையல் பின்கட்டில்.

4 மே

மலைமேலிருக்கும் நெல்லிவாசல்நாட்டு ஊர்த்தலைவர் மாதையன் ஜீப்பில் வந்தார். "ஸ்தபதியம்மா, கோயில் கட்டி முடிச்சிட்டோம். எங்க ஆத்தாளை எப்போ அனுப்புவீங்க?"

பட்டறை நடுவில் நிற்கும் அம்மன் அவர்கள் கேட்டுச் செய்தது. உடம்பு என் வீட்டுக்காரர் செதுக்கியது, கைகள் நான். கடைசியாகக் கண்ணைச் செதுக்கித் திறக்கும் முன் அவர் போய்விட்டார். அறக்கட்டளை அதற்கு 'முற்றுப்பெறாத பெண்' என்று பலகை வைத்து விளக்குப் போட்டிருக்கிறது.

"இன்னாம்மா இது, எங்க ஆத்தாளுக்கு வேற பேரு வெச்சிக்கிறாங்க?"

வெட்கமாகிவிட்டது. வைகாசிக்குள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? என்னைத்தான்.

7 மே

அறக்கட்டளை நிர்வாகி அசோக்குமாரிடம் போனில் பேசினேன். கூடாதாம். அதைப் பார்க்கத்தான் பெங்களூரிலிருந்து வருகிறார்களாம். "முடியாம நிக்கறதுதான் அழகே, காந்தாம்மா."

கண்ணில்லாமல் நிற்பது அழகா! நேரில் வரச் சொன்னேன்.

8 மே

கண் வைக்க எனக்கு வருமா? எப்போதும் அவர்தான் திறப்பார். நான் ஒருமுறைகூட... சே! கையை வெச்சேன், விரலை வெச்சேன், கண்ணு மட்டும் இன்னா கம்ப சூத்திரமா?

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அவருடைய கண் உளியை எடுத்தேன். 'தொட வேண்டாம்' அட்டை நான் எழுதியதுதான். உடைந்த கல்லில் கண் கண்ணாகச் செதுக்கினேன். முதலில் திருட்டு முழி. அப்புறம் தூக்கக் கலக்கம். சாயங்காலம் ஒன்று என்னைப் பார்த்தது.

15 மே

அசோக்குமார் வந்தார். காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "சரிங்க சார், இங்கயே இருக்கட்டும். நாளைக்கே கண்ணைத் தொறந்துடறேன். தொறந்துட்டா அது சிலை இல்ல, சாமி. ரெண்டு வேளை பூசை, படையல், வருஷா வருஷம் கெடா வெட்டு, எல்லாம் உங்க அறக்கட்டளை பாத்துக்கணும். செருப்போட யாரும் உள்ள வரக்கூடாது. சாமி பாக்க டிக்கெட்டும் வாங்கக்கூடாது."

"கெடா வெட்டா? மியூசியத்துலயா?"

"ஊரே வந்து பொங்க வைக்கும். பட்டறை பெருசுதான், எடம் பத்தும்."

காபி ஆறும்வரை அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லாரி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவார்.

19 மே

அம்மன் மலைக்குப் போய்ச் சேர்ந்ததும், தாலி இல்லாதவள் கண் திறக்கலாமா என்று ஊரில் ஒருவன் கேட்டானாம். "ஆத்தாள் கழுத்துல தாலி கீதான்னு போய்ப் பாத்துட்டு வா" என்று மாதையன் அனுப்பிவைத்தாராம். அம்மனுக்குத் தாலி செதுக்கவே இல்லை நாங்கள்.

5 ஜூன்

திறந்தாயிற்று.

கோயிலில் திரைக்குள் நானும் அம்மனும் மட்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், அவர் உளியாலேயே இரண்டு கண்ணையும் திறந்தேன். முதல் பார்வை ஆள்மேல் விழக்கூடாது என்று எதிரே கண்ணாடியைக் காட்டிவிட்டு ஒதுங்கினேன். திரையை இழுத்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். மாதையன் அழுதார், நானும்தான். என் வீட்டுக்காரர் இருந்திருக்கணும்.

ஆனால் ஒன்று, அவர் திறந்த எந்தக் கண்ணுக்கும் இது குறைந்ததில்லை.

14 ஜூன்

வெறும் பீடத்தைப் பார்த்து எல்லோரும் கேட்கிறார்கள். மலையைக் காட்டி வழி சொல்லி அனுப்புகிறேன்.

புதூர்நாட்டிலிருந்து பிள்ளையார் கேட்டு வந்திருந்தார்கள். அவர் பெயரைச் சொல்லி அல்ல, என் பெயரைச் சொல்லி. கல் பார்க்க நாளைக்குப் போகிறேன்.

கண்ணாடிப் பெட்டியில் உளியை வைக்கவில்லை. 'தொட வேண்டாம்' அட்டையை எடுத்துவிட்டு வேறு ஒன்று எழுதி வைத்தேன்: 'வேலைக்குப் போயிருக்கிறது.'