துவைக்காத சட்டை

என் அன்பு மனைவிக்கு,

நான் சுகம். நீயும் நம் புது மகளும் சுகந்தானே? அவளைத் தத்தெடுத்ததிலிருந்து அக்கம்பக்கத்து அக்காக்கள் முறைவைத்துச் சோறு கொண்டுவருவதாக எழுதி, வயிற்றில் பால் வார்த்தாய்.

போனில் என்னைக் கண்டால் இன்னும் ஒளிகிறாளே! அப்பா வாசனை பழகட்டும், போட்ட சட்டையைத் துவைக்காமல் அனுப்புங்கள் என்றாய். எடுத்து வைத்தேன். "புள்ளைக்குப் போற சட்டை இப்படியா நாறும்?" என்று அறையிலிருக்கும் வெல்டர் அண்ணன் துவைத்து இஸ்திரியும் போட்டுவிட்டார். அதையே மறுபடி மூன்று நாள் வேலைக்குப் போட்டுப் போனேன். மேஸ்திரி மூக்கைப் பொத்தினார்.

பார்சலில் அறைக்காரர்கள் ஆளுக்கொரு பொம்மை வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தலைவலித் தைலம் அனுப்பு. வேலைக்கு ஏற்றிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அவள் போட்ட கவுன் ஒன்றும் அனுப்பு. துவைத்துவிடாதே.