குருவென்று சொல்லி வைத்த சனி

தை 9. செவ்வாய்.

காலையிலிருந்து காற்று. கிளாஸில் ஒரு ஜன்னல் கதவும் நிற்கவில்லை. எஸ்தர் டீச்சர் பூகோளத்துக்குக் கோஷ்டி பிரித்தார். ஐந்து பேர் சேர்ந்து சூரியனும் ஒன்பது கிரகமும் செய்ய வேண்டும். அடுத்த புதன் திரு-கொச்சி சர்க்கார் இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார். கோஷ்டிக்கு ஒருத்தி எழுந்து விளக்க வேண்டும்.

எங்கள் தலைவி கமலம். வேறு யார். சூரியன் அவளுக்கு. ஆளுக்கு இரண்டு என்று பங்கு போட்டதில் சனி மிஞ்சியது. ஒருத்தியும் தொடமாட்டாளாம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபிக்கிற ரோசிலிகூட.

நான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பேசுவது நான்தான் என்றேன். கமலம் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இந்தப் பள்ளியில் ஐந்து வருஷம். சபையில் ஒரு வார்த்தை பேச என்னை யாரும் எழுப்பியதில்லை.

தை 11. வியாழன்.

சனிக்கு: பழைய பேப்பர் (ஊறப் போட்டாயிற்று). வெந்தயம் ஒரு பிடி (அம்மைக்குத் தெரியாமல்). பனையோலை. மஞ்சள். அடுப்புக்கரி.

அம்மை வயலுக்குப் போன நேரம் ஆட்டுரலில் அரைத்து உருட்டினேன். தேங்காய் அளவு. வளையம் ஓலையில். நானே சொல்லக்கூடாது, ஆனால் அழகு.

காயப் போட்டிருந்ததை அம்மை பார்த்துவிட்டாள். என்ன இது என்று கேட்டாள். அக்காவுக்குக் குழித்துறையில் மாப்பிள்ளை பேசுகிற சமயம். ஜாதகம் போய்ப் பத்து நாள், பதில் இல்லை. சனி என்று எப்படிச் சொல்ல? குரு என்றேன்.

அம்மை முகம் மலர்ந்துவிட்டது. அக்காவுக்குக் குரு பார்வைதான் வேண்டும் என்று ஜோசியர் சொன்னாராம். வளையத்தைச் சாமிக்குப் பின்னால் வைக்கிற திருவாசி என்று நினைத்துக்கொண்டாள்.

தை 12. வெள்ளி.

என் சனிக்குச் சந்தனம், குங்குமம். விளக்குக்குப் பக்கத்தில் இடம். அக்கா விழுந்து கும்பிட்டாள். சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். குங்குமத்தை எப்படித் துடைப்பது?

தை 14. ஞாயிறு.

பேனா முனை பேப்பரைக் கிழிக்கிறது. ஆத்திரத்தில்.

கமலம் வந்தாள், என் காம்பஸைத் திருப்பித் தர. விளக்கடியில் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்:

"சனியைக் கொண்டு விளக்குக்கிட்ட வச்சிருக்கியளே, அத்தை."

பாவி. அம்மை சாணிக் கூடையில் அதை எடுத்துப் போட்டு வாய்க்காலுக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். கூடையைத் தண்ணீரில் கவிழ்த்தாள். வளையம் தனியாகப் போயிற்று.

"ஒனக்க அக்காக்க வாழ்க்கை ஒனக்கு வெளையாட்டா போச்சா?"

பொய் சொன்னது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தி பாடுபட்டுச் செய்ததைத் தண்ணீரில் போட்டது யார் தப்பு?

இரவுச் சோறு வேண்டாம் என்றேன். யாரும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

தை 15. திங்கள்.

சனி இல்லை, அதனால் பேச்சும் உனக்கில்லை என்கிறாள் கமலம். அப்போ சத்தியம்? அது சனி இருந்தால்தானாம். ரோசிலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரிடம் போனேன். சண்டை போடாதீர்கள் என்றார். புதிதாகச் செய்தால் புதனுக்குள் காயாது.

தை 17. புதன்.

இன்ஸ்பெக்ட்ரஸ்: கதர்ச் சேலை, தடித்த கண்ணாடி, மலையாளம் கலந்த தமிழ். கமலம் வியாழனிலிருந்து யுரேனஸுக்குத் தாவினாள். சனி எங்கே என்று கேட்டார். செய்ய மறந்துவிட்டோம் என்றாள்.

மறந்துவிட்டோமாம்!

யாரும் எழுப்பவில்லை. நானே எழுந்தேன்.

"மறக்கல்லை, அம்மா. நான் செஞ்சேன். குருன்னு பொய் சொல்லி வீட்டுல வச்சிருந்தேன். இவ வந்து சனின்னு காட்டிக் குடுத்தா. எங்க அம்மை வாய்க்கால்ல போட்டுட்டா."

சரி, சனியைப் பற்றிச் சொல் என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். சொன்னேன். வளையம், சூரியனிலிருந்து தூரம், ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை வருஷம், எல்லாம் வெறும் கையால் காட்டி. நன்றாயிருக்கு என்றார்.

அவர் கார் போனதும் எஸ்தர் டீச்சர் என்னை வெளியே நிறுத்தினார். வீட்டு விஷயத்தைச் சபையில் அவிழ்த்தேனாம். பொய் சொன்ன கமலம் உள்ளே, பெஞ்சில்.

தை 18. வியாழன்.

குழித்துறைக் கடிதம் வந்துவிட்டது. பொருத்தம் சரி, ஞாயிறன்று பெண் பார்க்க வருகிறார்கள். தரகருக்குக் காய்ச்சல், கொண்டுவரச் சுணங்கிவிட்டதாம். வீடெல்லாம் சிரிப்பு. அக்கா சிவந்துபோய் அடுக்களையில்.

அம்மை என் தலையைத் தடவினாள்.

"பாத்தியா மக்கா, அதை வெளிய போட்ட நாலாம் நாளே வந்திற்று."

அம்மைக்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தை நான்தான் வாசித்தேன். மேலே தேதி, தை 12, வெள்ளி. சனி குங்குமத்தோடு விளக்கடியில் இருந்த நாள். தேதியைச் சத்தமாக வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன். அம்மை பாயசத்துக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.