நான் துடைத்த ஜாடி

அன்புள்ள மௌனிகா கண்ணுக்கு, டெல்லியில் குளிரோ வெயிலோ, உன் உடம்பு நன்றாக இருக்க துவா செய்துகொண்டு, உக்கடத்திலிருந்து சாஜிதா அக்கா எழுதுவது.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ விட்டுப்போன வெள்ளைக் கோட்டைப் போன வாரம் மாட்டிக்கொண்டேன். பட்டன் எட்டவில்லை, முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டேன். அந்தக் கோலத்தில் நம் மெடிக்கல் காலேஜ் பெத்தாலஜி மியூசியத்தில் ஜாடி துடைக்கும்போது இரண்டாம் வருடப் பிள்ளைகள் வந்து, குட்மார்னிங் மேடம் என்றார்கள். பேசாமல் போயிருக்கலாம். நான் பாடம் எடுத்துவிட்டேன்.

ஈரலில் கொழுப்பு ஏறினால் வெண்ணெய் நிறம் வரும், அப்படியே விட்டால் தழும்பு விழுந்து பாகற்காய் போல முடிச்சு முடிச்சாகச் சுருங்கும் என்றேன். நெஞ்சுக் குழாய் அடைப்பதை, வீட்டு போர்வெல் தண்ணிக் குழாயில் உப்புக் கட்டுவதோடு சேர்த்துச் சொன்னேன். எல்லாம் டாக்டர்கள் நீங்கள் பேசும்போது துடைத்துக்கொண்டே கேட்டதுதான். ஐந்தாவது படித்தவள் சொன்னதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு நீ செய்து வைத்த ஜாடிக்கு வந்தேன். கர்ப்பப்பையும் கட்டியுமாக, நூல்கண்டைப் பாதியாக அறுத்தது போலச் சுற்றுச் சுற்றாக இருக்குமே, அது. "ஏனுங் கண்ணுகளா, இது எந்த மகராசி வயித்துல சட்டமா குடியிருந்துச்சோ!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பூஜிதா என்ற பெண் ஜாடியைத் திருப்பி, சுவர்ப்பக்கம் பொடி எழுத்தில் ஒட்டியிருந்த, நான் ஒருநாளும் படித்துப் பார்க்காத நம்பரைப் படித்தாள். 1786. வயது நாற்பத்தாறு.

என் கர்ப்பப்பை ஆப்பரேஷன் அன்று சீட்டைப் பார்த்து, "நம்பர்லயே உங்க பிஸ்மில்லா 786 இருக்குதுங்கக்கா, பயப்படாதீங்க" என்று சொன்னது நீதானே?

அன்று உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எங்களில் உடம்பிலிருந்து எடுத்ததை மண்ணில் அடக்க வேண்டும், சோதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்காரர் மஜீத்திடம் கொடுத்துவிடு என்று. ஒரு மாதம் கழித்து வந்து, "நானே ஆள வெச்சு அடக்கம் பண்ணிப்போட்டேனுங்கக்கா" என்றாய். மறுநாளே உனக்கு நெய்ச்சோறும் தால்சாவும் ஆக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வருடமாக அந்த ஜாடியை மட்டும் இரண்டு தடவை துடைக்கிறேன், உன் ஜாடி என்பதால்.

என் மகன் அஃபானும் மகள் ரிஃபானாவும் பத்து மாதம் இருந்த இடம் கண்ணு அது.

பிள்ளைகள் பார்த்துப் படிப்பதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டிருந்தால், பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நானே தந்திருப்பேனோ என்னவோ. நான் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் காகிதத்தில் என்ன இருந்ததோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் நீ கேட்கவில்லை. என் டிபன் டப்பாவைத் திறக்கக்கூட, "எடுத்துக்கட்டுங்களா அக்கா" என்று கேட்கிற பிள்ளை நீ.

எட்டுத் தடவை போன் அடித்தேன். நீ எடுக்காததும் நல்லதுக்குத்தான். போனில் என்றால் நான் ஏதாவது கேலி பேசி உன்னைத் தப்பிக்க விட்டிருப்பேன்.

பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். ஜாடி செய்தவர் எழுதிக் கொடுத்தால் தந்துவிடலாம் என்கிறார். மூன்று வரி போதும் கண்ணு. அது யாருடையது, நான் என்ன கேட்டேன், நீ என்ன சொன்னாய். மன்னிப்பெல்லாம் அதில் எழுதாதே. அதற்கு நேரில் வா, சோறு போட்டுக்கொண்டே திட்டுகிறேன். அல்லாஹ் உன் கைக்கு நல்ல பெயரைத் தரட்டும். அந்தக் கை சீக்கிரம் எழுதட்டும்.

காத்திருக்கும்,
சாஜிதா பேகம்

பி.கு: மஜீத் அவசரப்பட்டு, அதை அடக்க கபர்ஸ்தான் ஓரத்தில் முழ ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்துவிட்டார். நேற்று பாங்கு சொல்லும் மோதினார் வீட்டு ஆடு அதில் விழுந்துவிட்டது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை. குழியைத்தான் மறுபடி வெட்ட வேண்டும்.