விழாவில் நீங்கள் வாசித்த வசனம்

அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலரை உங்கள் மகள் நேற்று மல்வேர்னில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். நடுப்பக்கத்தில் ஒரு படம். கோட்டும் ரையுமாக, கையில் மைக்குடன் சிரித்தபடி நிற்கிறீர்கள். பின்னால் சீன மாணவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். 'சீன மக்களுக்கு ஆங்கிலம் ஊட்டிய பேராசான்' என்று கீழே அச்சிட்டிருக்கிறது.

"அன்ரி, இந்தப் படம் எடுக்கேக்கை நீங்களும் அங்கை இருந்தனீங்களாம். அப்பா அப்ப என்ன பேசிக்கொண்டு நிண்டவர்?" என்று கேட்டாள்.

"மறந்துபோச்சு பிள்ளை" என்றேன்.

மறக்கவில்லை. தகப்பனைப் பறிகொடுத்தவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்லலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது அந்தத் தனியார் பள்ளி. கீழே சீன பேக்கரி. வகுப்பு முழுக்க வெண்ணெயும் முட்டையும் வேகும் மணம். ஹொங்கொங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த பொறியியலாளர்களும் விரிவுரையாளர்களும் அங்கே படித்தார்கள். இயந்திரங்களுக்கான கைநூல்களை ஆங்கிலத்தில் எழுதுவதும், பிறர் எழுதியதைத் திருத்திச் செம்மையாக்குவதுமே பாடம். அதற்குப் பொறுப்பு நீங்கள். பார்க்டேலில் ஒரே கட்டடத்தில் குடியிருந்த பழக்கத்தில், ஊரில் ஆங்கிலம் படிப்பித்த என்னை, பெட்டி கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலையிலிருந்து கூட்டிவந்து இரண்டாவது ஆசிரியை ஆக்கியவரும் நீங்கள்தான். அதற்கு அன்றே நன்றி சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொல்வதாக இல்லை.

உங்களுக்குத் தொழில் தெரியாதென்று சொல்ல மாட்டேன். "வாசிக்கிறவன்ரை ஒரு கையிலை ஸ்பானர் இருக்கு. மிச்சமிருக்கிற கைதான் உங்கடை பேப்பருக்கு" என்று முதல் நாள் எனக்கு விளக்கினீர்கள். கைநூல் எழுதுவதைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெரிய மனிதர் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை முதல் மாதத்தையே தாண்டவில்லை.

ஆசிரியர் அறையில் நீங்கள் நடத்திய கூத்து அப்படி. மாணவர் தாள்களிலிருந்து பிழைகளைப் பொறுக்கிவந்து, மூக்கால் பேசி, கண்ணைச் சுருக்கி, அவர்களைப் போல வாசித்துக் காட்டுவீர்கள். "உவையளுக்கு 'the' எண்ட சொல்லு ஆயுசுக்கும் வராது" என்பீர்கள். 'the' போல ஒரு சொல் நம்முடைய மொழியிலும் இல்லை, அண்ணை. அதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று நீங்களும் நானும் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கித்தான் படித்தோம். நீங்களோ பிறக்கும்போதே அதை நாக்கில் வைத்துக்கொண்டு பிறந்தவர் மாதிரி நடந்தீர்கள்.

ஒருநாள் வங்கியில் உங்களுக்குப் பின்னால் நின்றேன். கவுண்டரில் இருந்த பொடியன் உங்கள் பேச்சு விளங்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தான். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அன்று உங்களுக்காக என் நெஞ்சு நொந்தது. அந்த வலி இன்னதென்று தெரிந்துகொண்டே அதை இன்னொருவருக்குக் கொடுத்தீர்களே, அதுதான் எனக்கு அருவருப்பு.

படம் எடுத்த நாளுக்கு வருகிறேன். பாடநெறி முடிந்த விழா. வேலைக்கு ஆள் தேடி சில கம்பனிகளிலிருந்து வந்திருந்தார்கள். கொதிகலன் செய்யும் கம்பனி ஒன்றின் மனேஜர் திருமதி ஹூவை நேர்முகம் காண்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஹூ ஊரில் இரசாயன விரிவுரையாளர். வந்த வாரத்தில், 'கை சுடாதபடி கவனமாயிருங்கள்' என்று எழுத வேண்டிய இடத்தில், 'கவனமாகக் கையைச் சுட்டுக்கொள்ளுங்கள்' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அவருடைய மொழியில் அது சரியான வரிசை. பாடநெறி முடிகிறபோது மற்றவர்களின் தாள்களைத் திருத்த நான் அவரிடம்தான் கொடுத்தேன்.

நீங்கள் மைக்கைப் பிடித்து, அந்த முதல் வாரத்து வசனத்தை, அவருடைய பெயர் சொல்லி, அந்த மூக்குக் குரலில் வாசித்தீர்கள். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கமெரா மின்னியது அப்போதுதான்.

ஹூ எழுந்து நின்றார். "ஸேர், அதைத் திருத்தியதும் நான்தான். திருத்திய வசனத்தையும் வாசியுங்கள்" என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்.

"நேரமில்லை" என்றீர்கள். அடுத்தவருடைய பிழைக்குப் போனீர்கள்.

மனேஜர் நேர்முகத்துக்குக் காத்திருக்கவில்லை. ஹூவிடம் கைகொடுத்து, "சுட்டுக்கொள்ளாதீர்கள்" என்று பகிடி விட்டுப் போய்விட்டார். விருந்தினருக்கு நீங்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். ஆட்கள் கலைந்ததும் உங்கள் அறைக்கு வந்தேன்.

"அண்ணை, ஏன் அவவின்ரை பேரைச் சொன்னனீங்கள்?"

"பகிடிதானே பிள்ளை. வந்த ஆக்கள் நித்திரை கொள்ளாமல் இருக்க வேணுமெல்லோ."

"அவவுக்கு வேலை குடுக்க வந்த ஆக்கள் அவை."

"உமக்கு வேலை எடுத்துத் தந்தது ஆர் எண்டதை மறந்துபோனீர் போலை."

"மறக்கேல்லை. அதாலைதான் சொல்லாமல் போகாமல், முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டுப் போறன். நாளைக்கு நான் வரமாட்டன்."

"எங்கை போவீர்? திரும்பவும் பெட்டி கட்டவோ?" என்று கேட்டீர்கள்.

ஓம், திரும்பவும் பெட்டிதான் கட்டினேன். ஹூ கீழே பேக்கரியில் தட்டுக் கழுவினார். அடுத்த இலைதுளிர் காலத்தில் வோபர்னில், அவருடைய கட்டடத்தின் பொது அறையில், இருவருமாகச் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கினோம். ஓர் ஆங்கில வசனம் ஏன் அப்படி நிற்கிறது என்று நான் சொல்வேன். சீனத்தில் அதை நினைக்கிறவர் எந்த இடத்தில் சறுக்குவார் என்று அவர் சொல்வார். உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஹூ பிறகு மருத்துவக் கருவிகள் செய்யும் ஓரிடத்தில் கைநூல் திருத்துபவராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். இதில் எதையும் நீங்கள் ஒருநாளும் விசாரிக்கவில்லை. கோயிலில் கண்டால், "எப்பிடி, சீனாக்காரியின்ரை கம்பனி?" என்று மட்டும் கேட்பீர்கள். நான் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு நடந்துவிடுவேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஹூவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கஷ்டப்படாமல் போனாரா?" என்று கேட்டார். ஆமென்றேன். "அது நல்லது" என்றார். மனதாரச் சொன்னார். எனக்கு அந்த மனம் இல்லை. நல்ல மூளையை ஆளை நையாண்டி பண்ணச் செலவழித்த சின்ன மனிதர் நீங்கள். செத்துப்போனதால் நீங்கள் பெரிதாகிவிடவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். இன்றைக்கும் யாரோ புதிதாக வந்தவரின் தாள் என் மேசைக்கு வரும். ஒரு வசனம் கோணலாக நிற்கும். அதை மனதுக்குள் வாசிக்கத் தொடங்கும்போது, எழுதியவரின் குரலுக்கு முன்னால் உங்களுடைய மூக்குக் குரல் வந்துவிடுகிறது. பேனையை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். குரல் அடங்கும்வரை குசினி யன்னலடியில் நிற்பேன். பிறகு வந்திருந்து அந்த வசனத்தை முதலிலிருந்து வாசிப்பேன்.